ராஜினாமாவை இன்னும் அனுப்பாதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அக்கா எழுதுகிறேன். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. போன வாரம் அண்ணன் கும்பகோணத்தில் டாக்டரிடம் காட்டினான். "நடக்கச் சொல்றார், அம்மா உக்காந்தே சீரியல் பாக்குது" என்று புலம்புகிறான். நீ பேசும்போது நடையைப் பற்றிக் கேள், வலியைப் பற்றிக் கேட்காதே. வலியைக் கேட்டால் அரைமணி நேரம் போய்விடும், நடையைக் கேட்டால் ரெண்டு நிமிஷத்தில் போனை வைத்துவிடுவாள்.

இனி உன் விஷயம். நீ அனுப்பின குரல் பதிவை அடுப்படியில் பாதியும், கொல்லையில் துணி எடுத்துக்கொண்டே மீதியும் கேட்டேன். பெங்களூரு வேண்டாம், ஆபீஸ் வேண்டாம், என்னைப் போல ஒரு ஊரில் வந்து உட்கார்ந்து குழந்தைப் புத்தகங்களுக்குப் படம் போடப் போகிறாய். ராஜினாமாவை எழுதியே வைத்துவிட்டாய், அனுப்புவதுதான் பாக்கி. போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன், அத்தான் நடுவில் வந்து "விடும்மா, சின்னப் பொண்ணு" என்பார். முப்பதைத் தாண்டியும் அவருக்கு நீ சின்னப் பொண்ணுதான். அதனால்தான் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபித்துக்கொள்.

வீடியோ கேம் கம்பெனிக்காகக் கோட்டைச் சுவரில் பாசி வரைந்தே கண் பூத்துப்போச்சு என்கிறாய். நம்புகிறேன். ஆனால் அந்தப் பாசியை நான் பார்த்தேன் பாப்பா. மழைக்கு அப்புறம் நம் பழைய வீட்டுக் கிணற்றடியில் இருக்குமே, அதே பாசி. கை உனக்கு நன்றாகத் திரும்பியிருக்கிறது. அந்தக் கை சும்மா வந்ததில்லை, நீ திட்டுகிற அந்த வேலையும் சேர்ந்துதான் கொடுத்தது. அதை மட்டும் மறந்துவிடாதே.

நான் போடுகிற புகைப்படங்களைப் பார்த்துத்தான் உனக்கு ஆசை வந்தது என்கிறாய். திண்ணை, தூறல், பாதி வரைந்த தாள், பக்கத்தில் காபி டம்ளர். அதெல்லாம் பொய்யில்லை. ஆனால் புரட்டாசியில் எடுத்த அந்தப் படத்துக்கு இந்தப் பக்கம், எதிர்வீட்டுக் குறுவை நெல் தார்ப்பாயில் காய்ந்துகொண்டிருந்தது. "மழை வந்தா அள்ளி மூடிடு தாயி, நீ வூட்டுலதானே இருக்கே" என்று சொல்லிவிட்டு அவர்கள் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். தூறல் அழகாக இருந்தது, எடுத்தேன். அடுத்த நிமிஷம் தூரிகையைப் போட்டுவிட்டு நெல்லை அள்ள ஓடினேன். தாளில் வானத்துக்குப் பூசியிருந்த ஈர நீலம் நான் திரும்பி வருவதற்குள் விளிம்பு கட்டிக் காய்ந்துவிட்டது.

ஊரில் நேரம் நிறைய இருக்கும் என்று நினைக்கிறாய். இங்கே ஆளுக்கு ஆள் வேலை இருக்கிறது, வீட்டிலேயே இருக்கிறவளுக்குத்தான் வேலை இல்லை என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். கேஸ் சிலிண்டர் வந்தால் நான் வாங்கி வைக்கணும். யாருக்காவது ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் துணை வேண்டும் என்றால் நான் போகணும். கோயில் திருவிழாவுக்கு யானை வரையணும், பள்ளிக்கூடச் சுவரில் திருவள்ளுவர் வரையணும். செத்துப்போன தாத்தாவின் மங்கலான போட்டோவைக் கொண்டுவந்து "இதைப் பெருசா, சிரிக்கிற மாதிரி போட்டுக் குடு" என்பார்கள். அவர் வாழ்நாளில் சிரித்தவரே இல்லை என்று அத்தை பின்னால் சொல்வார்! இதிலெல்லாம் சந்தோஷம் இல்லாமலில்லை. ஆனால் இதில் ஒன்றுக்கும் கெடுதேதி இல்லை, பதிப்பகத்துக்கு உண்டு.

என் நாளைச் சொல்கிறேன், கேள். எட்டு மணிக்குப் பள்ளி வேன். அதற்கு முன்னால் டிபன், சாப்பாட்டு டப்பா, பெரியவனின் காணாமல்போன பெல்ட், சின்னவளின் பின்னல். அப்புறம் அத்தைக்கு மருந்து. அத்தான் வயலுக்கு உரம் வைக்க ஆள் கூப்பிட்டிருந்தால் அவர்களுக்கு டீ. நான் மேஜைக்கு வர ஒன்பதரை ஆகும். அதிலிருந்து ஒரு மணி வரை என் நேரம். மதியத்துக்கு மேல் மேற்கு வெயில் அறைக்குள் வந்துவிடும், நிறம் பார்க்க முடியாது. அப்போது ஸ்கேன், மின்னஞ்சல், பென்சில் வேலை. நாலரைக்குப் பிள்ளைகள் வந்ததும் கடை மூடியாச்சு.

அந்தக் காலை நேரத்தை வாங்குவதற்குத்தான் வருஷக்கணக்கில் போராடினேன். வாங்கிக் கொடுத்தது யார் தெரியுமா? அத்தைதான். முதல் புத்தகம் அச்சாகி வந்து, சின்னவளின் டீச்சர் அதை வகுப்பில் வாசித்துக் காட்டினார். சாயங்காலம் பேத்தி வந்து சொன்னதும் அத்தை அட்டையைத் தடவிப் பார்த்து, "இதுல உன் பேர் எங்கே இருக்கு?" என்று கேட்டார். காட்டினேன். மறுநாளிலிருந்து திண்ணையில் அவரே காவல். "மருமவ வேலையா இருக்கா, ஒரு மணிக்கு மேல வா" என்று வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிறார். வேலையை வேலை என்று வீட்டில் ஒருவராவது ஒத்துக்கொண்டால்தான் வீட்டிலிருந்து வேலை செய்ய முடியும். நீ தனியாக வாடகைக்கு வீடு பிடித்து உட்காரப் போகிறாய். உன் திண்ணையில் யார் உட்காருவார்கள்? கல்யாணம் ஆகாத பெண், காலையிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு என்ன செய்கிறாள் என்று நாலு பேர் கேட்பார்கள். கேட்டால் கேட்கட்டும் என்பாய். உனக்குத் தைரியம் உண்டு, தெரியும். ஆனால் தினம் தினம் பதில் சொல்வதும் ஒரு வேலை. அதற்குச் சம்பளம் கிடையாது.

சரி, இவ்வளவும் சொல்லிவிட்டு நான் ஏன் இங்கே இருக்கிறேன் என்று கேட்பாய். சொல்கிறேன்.

இப்போது கையில் இருப்பது நடவு நடுகிற ஒரு பாட்டியும் பேத்தியும் பற்றிய கதை. மாதிரிக்கு என்று ஒரு படம் அனுப்பினார்கள், கணினியே போட்டுக் கொடுத்தது. மலைச்சரிவில் படிப்படியாக வயல். பெண்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டே முன்னால் நடந்து நடுகிறார்கள். கையிலிருக்கிற நாற்றில் முற்றின கதிர் தொங்குகிறது! அத்தையிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "நாத்துலயே கதிர் வந்துட்டா அப்புறம் நடுவானேன்?" என்றார். இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு, "முன்னால நடந்து நட்டா, நட்டதை மிதிச்சுக்கிட்டுல்ல போவா? நடவுன்னா பின்னாலதான் போவணும்" என்றார். எழுந்து நின்று, இடது கையில் நாற்றுமுடி பிடிக்கிற வாகையும், கட்டைவிரலால் பிரித்து வலது கையில் வாங்கிச் சேற்றில் ஊன்றுகிற வேகத்தையும் செய்தே காட்டிவிட்டார். முட்டி வரை தூக்கிச் செருகின புடவை எங்கே மடியும், முதுகு எங்கே வளையும், எல்லாம் என் கண்முன்னால். அப்படியே பென்சிலில் வாங்கிக்கொண்டேன். பதிப்பாசிரியருக்கு அனுப்பியபோது ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லவில்லை.

இதைத்தான் ஊர் தருகிறது. நேரத்தையும் அமைதியையும் தராது, பார்ப்பதற்குத் தரும். ஜூன் 12-இல் மேட்டூரைத் திறப்பது வழக்கம் என்று படித்திருப்பாய். அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வந்து குடமுருட்டியில் இறங்கி வாய்க்காலுக்கு வந்ததும் எங்களுக்கு நிறங்களின் கணக்கு ஆரம்பிக்கும். உழுத சேறு முதலில் சாம்பல், வெயிலில் பழுப்பு. நாற்றங்கால் கண் கூசுகிற இளம்பச்சை. நட்ட வயல் சில நாள் வெளிறி மஞ்சளாகச் சோர்ந்து நிற்கும், வேர் பிடித்த பிறகுதான் பச்சை ஏறும். தூர் கட்டும்போது கரும்பச்சை. கதிர் வந்து பால் பிடிக்கையில் அந்தப் பச்சையில் ஒரு வெளுப்பு. முற்றும்போது மேலே பொன், அடியில் இன்னும் பச்சை. கதையில் "மார்கழி" என்று ஒரு சொல் வந்தால் வயலை எந்த நிறத்தில் போடணும் என்று எனக்கு யோசனையே வேண்டாம், ஜன்னலைத் திறந்தால் போதும். நகரத்தில் உட்கார்ந்து போடுகிறவர்கள் எல்லா மாசத்துக்கும் ஒரே பச்சை போடுகிறார்கள். குழந்தைக்கு அது தெரியாது என்று நினைப்பு. கிராமத்துக் குழந்தைக்கு நன்றாகத் தெரியும். "இதென்ன, பொங்கல் வருது, இன்னும் நாத்தா இருக்கு?" என்று பெரியவன் ஒரு புத்தகத்தைக் காட்டிக் கேட்டான்.

அப்பா பைண்டு பண்ணி வைத்த விகடன் தொடர்களில் நாம் பார்த்து வளர்ந்த படங்கள் எல்லாம் இப்படிப் பார்த்துப் பார்த்துப் போட்டவைதானே? தஞ்சாவூரில் பிறந்து கும்பகோணத்தில் ஓவியம் படித்த கோபுலு, தில்லானா மோகனாம்பாளுக்குப் போட்ட படங்களில் நாதஸ்வரக்காரரின் கன்னம் உப்புவதும் தவில்காரரின் விரலும் எங்கிருந்து வந்தன? இந்த மண்ணிலிருந்துதான். சில்பி கோயில் கோயிலாகப் போய்ச் சிலை முன்னால் உட்கார்ந்து வரைந்தார். ஆதிமூலம் துறையூர்ப் பக்கத்துக் கீராம்பூர்க்காரர். கி.ரா.வின் கரிசல் காட்டுக் கடுதாசிக்கு அவர் போட்ட கோடுகளில் வெயிலே தெரியும். இவர்கள் எல்லோரும் பிழைப்பது பட்டணத்தில் என்று வைத்துக்கொண்டார்கள், பார்ப்பதை மட்டும் விடவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்று கடைசியில் புரியும்.

தொழில் கஷ்டங்களையும் சொல்லிவிடுகிறேன், கேட்க ஆள் இல்லை. நாற்றங்கால் பச்சை இருக்கிறதே, அதை அச்சில் கொண்டுவரவே முடியாது. திரையில் மின்னும், நாலு வண்ண மையில் இறங்கினதும் மங்கிப்போகும். பச்சையை இன்னும் அழுத்தினால் இருட்டாகிறதே தவிரப் பளிச்சென்று வருவதில்லை. இப்போது நான் செய்வது, அடியில் சுத்தமான மஞ்சளைப் பூசிவிட்டு மேலே பச்சையை மெல்லிசாக ஓட்டுவது. பக்கத்திலேயே ஒரு செம்மண் வரப்பையோ பாட்டியின் அரக்குச் சேலையையோ வைத்துவிடுவேன். சிவப்பு பக்கத்தில் இருந்தால் பச்சை தானாகத் தூக்கும். நீ திரையிலேயே வேலை செய்து பழகினவள், முதல் அச்சுப் பிரதியைப் பார்த்ததும் அழுவாய். முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

ஐப்பசி மழையில் தாள் படுத்துகிற பாடு தனிக் கதை. பருத்தித் தாளாகவே இருந்தாலும் ஈரக் காற்றில் நமுத்து, பூசின வண்ணம் காயவே மாட்டேன் என்கிறது. பழைய தாளில் பூஞ்சணம் பட்டால் வண்ணம் திட்டுத் திட்டாக உறிஞ்சும். தாத்தாவின் ட்ரங்குப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலமும், இராமபாணப் பூச்சிக்கு வேப்பிலைச் சருகும் போட்டுத்தான் தாளை வைத்திருக்கிறேன். மாதாந்திரப் பராமரிப்புக்கு நாள் முழுக்க மின்சாரம் நிற்கும், அன்றைக்கு ஸ்கேனும் கிடையாது, கோப்பு அனுப்புவதும் கிடையாது. பெரிய கோப்பு என்றால் அத்தான் தஞ்சாவூர் போகிற அன்று ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்துவிடுகிறேன். நல்ல தாளைப் பூட்டி வைக்கக் கற்றுக்கொள். இல்லாவிட்டால் உன் அக்கா மகள் அதில் கப்பல் செய்து வாய்க்காலில் விடுவாள். கனமான தாள், நன்றாக மிதந்தது என்று சர்டிபிகேட் வேறு கொடுத்தாள்.

பீட்ரிக்ஸ் பாட்டர் மாதிரி வாழப்போகிறேன் என்றாயே, அதற்கு வருகிறேன். பீட்டர் முயல் கதையை அவள் 1893-இல் உடம்பு சரியில்லாத ஒரு சிறுவனுக்குக் கடிதமாகத்தான் எழுதினாள். பதிப்பகங்கள் வேண்டாம் என்றதும் 1901-இல் சொந்தக் காசில் 250 பிரதி போட்டாள். மறுவருஷம்தான் ஒரு பதிப்பகம் எடுத்துக்கொண்டது. ஹில் டாப் பண்ணையை வாங்கினது 1905-இல். புத்தகத்தில் வந்த பணத்தோடு உறவுக்காரர் ஒருவர் வைத்துவிட்டுப் போனதும் சேர்ந்து வாங்கினாள். அதாவது புத்தகம் பண்ணையைக் கொடுத்தது, பண்ணை புத்தகத்தைக் கொடுக்கவில்லை. இன்னொன்று கேள். வாங்கினாளே தவிர, அங்கேயே குடியிருக்க முடியவில்லை. லண்டனில் வயசான அப்பா அம்மா. கிடைத்த நாட்களில் ஓடி ஓடி வந்துபோனாள். அந்த ஊரும் அந்த வீடும் அப்படியே தெரிகிற டாம் கிட்டன் 1907-இல், ஜெமைமா வாத்து 1908-இல், எல்லாம் அப்படி வந்துபோன வருஷங்களில் பிறந்தவை. 1913-இல் கல்யாணம் செய்துகொண்டு அந்தக் கிராமத்திலேயே நிலைத்த பிறகு புத்தகம் குறைந்துபோனது. ஆடு, நிலம், வேலி என்று விவசாயத்தில் முழுகிவிட்டாள். சந்தோஷமாகவே முழுகினாள், கண்ணும் முன்போல இல்லை. சாகும்போது நாலாயிரம் ஏக்கருக்கு மேல் நிலத்தை நேஷனல் டிரஸ்ட்டுக்கு விட்டுவிட்டுப் போனாள். பெரிய வாழ்க்கைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் உனக்கு வேண்டியது நிலமா, படமா? படம் என்றால், வந்து வந்து போன அந்த வருஷங்களைப் பார்.

பணத்துக்கு வருவோம், முகத்தைச் சுளிக்காதே. ஒரு புத்தகம் என்றால் அச்சு மடிப்புக்கு ஏற்றபடி 16, 24, 32 என்று எட்டின் மடங்காகப் பக்கம் இருக்கும். கதை ஐந்நூறு வார்த்தைகூட இருக்காது, ஆனால் படம் போட மாசக்கணக்கில் ஆகும். பணத்தை மூன்றாகப் பிரித்துக் கேள்: கையெழுத்துப் போட்டதும் ஒன்று, பென்சில் ஒப்புதல் ஆனதும் ஒன்று, முடித்ததும் ஒன்று. எனக்குத் தெரிந்த ஒரு பெண், ஒப்பந்தமே இல்லாமல் ஒரு நிறுவனத்துக்குப் படம் போட்டுக் கொடுத்தாள். அந்தப் படங்கள் அடுத்த வருஷம் காலண்டராகவும் தண்ணீர் பாட்டிலாகவும் வந்தன. அவளுக்கு ஒரு பைசா இல்லை, ஒரு காலண்டர்கூட அனுப்பவில்லை.

1957-ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தை ஒரு தடவை உட்கார்ந்து படி. காசு வாங்கிக்கொண்டு ஒருவர் கேட்டு வரைந்த ஓவியத்துக்கு, வேறு ஏற்பாடு எழுதி வைக்காவிட்டால், கேட்டவரே முதல் உரிமையாளர் ஆகிவிட 17-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. ஆகவே "உரிமை ஓவியருடையது, இந்தப் புத்தகத்துக்கு மட்டும் அனுமதி" என்று ஒரு வரி எழுதி வாங்கிவிடு. உரிமையை மாற்றிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து வருஷம், எல்லை குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும் என்று 19-ஆம் பிரிவு சொல்கிறது. அதனால்தான் "என்றென்றைக்கும், உலகம் முழுக்க" என்று கொட்டை எழுத்தில் போட்டு அனுப்புவார்கள். அந்த வரியைப் பார்த்தால் பேனாவை மூடிவிட்டு எனக்குப் போன் பண்ணு. எதை விற்றாலும் படம் போட்டது நீதான் என்று சொல்லிக்கொள்கிற உரிமை 57-ஆம் பிரிவில் உன்னிடமே இருக்கும். பெயர் எங்கே வரும், எந்த அளவில் வரும் என்பதையும் எழுதி வாங்கு. அத்தை அட்டையில் பெயரைத் தேடின கதையைச் சொன்னேனே, அந்தப் பெயருக்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது.

இவ்வளவு பயமுறுத்தியதும், நான் இங்கே சலித்துப்போய் இருக்கிறேன் என்று முடிவு கட்டிவிடாதே. நேற்று சாயங்காலம் சின்னவள் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து, அச்சுப் பிழைத்தாளின் பின்பக்கத்தில் செம்போத்து வரைந்துகொண்டிருந்தாள். கண்ணுக்குச் சிவப்பு வேணும் என்று என் கிண்ணத்தில் கையை விட்டாள். வேலிப் பக்கம் தினம் பார்க்கிற பறவை, கண் சிவப்பு என்று யாரும் சொல்லித் தரவில்லை. பெரியவனுக்குப் படம் வராது. ஆனால் நான் வரைகிற உழவு ட்ராக்டரில் எந்தக் கம்பி எங்கே போகும் என்று அவன்தான் சொல்வான். அத்தான் ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து பக்கங்களை வரிசையாகப் பாயில் பரப்பி, கதை தெரியாமலே படத்தை மட்டும் பார்த்து ஒரு கதை சொல்வார். அவர் சொல்கிற கதை எழுத்தாளர் எழுதின கதையோடு ஒத்துப்போனால் படம் சரி. ஒத்துப்போகாவிட்டால் அந்த இடத்தில் மறுபடி வேலை இருக்கிறது என்று அர்த்தம். இதற்கு மேல் ஒரு பதிப்பாசிரியர் எனக்கு எதற்கு?

ஆகவே நான் சொல்வது இதுதான். வா, ஆனால் ராஜினாமா செய்துவிட்டு வராதே. தை மாசம் அறுப்பு நடக்கும்போது லீவைச் சேர்த்துப் போட்டுக்கொண்டு வா. மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது, வடக்குப் பார்த்த ஜன்னல். காலையில் உனக்கும் சேர்த்து அத்தை காவல் இருப்பார், நான் பேசிவிட்டேன். அறுப்பையும் போரடியையும் களத்துக் கொக்கையும் உட்கார்ந்து பார், ஒரு கதைக்கான படங்களைப் பென்சிலில் முழுசாகப் போட்டு முடி. அதை எடுத்துக்கொண்டு பதிப்பகங்களுக்குக் காட்டலாம். ஆடியில் மறுபடி வா. கையில் கையெழுத்தான ஒப்பந்தம் இரண்டும், ஆறு மாசத்துச் செலவுக்குப் பணமும் சேர்ந்த பிறகு ராஜினாமாவை அனுப்பு. அன்றைக்கு உன் பெட்டியைத் தூக்க அத்தானைப் பெங்களூருக்கே அனுப்புகிறேன்.

அம்மாவிடம் இன்னும் நீ சொல்லவில்லை என்று தெரியும். அண்ணன் வாயிலிருந்து அவள் கேட்டால் மனசு ஒடிந்துபோவாள். இந்த ஞாயிற்றுக்கிழமை நீயே பேசு. லீவு தேதி என்றைக்குக் கிடைக்கும் என்பதை எனக்கு எழுது, ரயிலுக்கு முன்பதிவு செய்யணும், பொங்கலுக்குச் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

அன்புடன்,
உன் அக்கா